இரண்டாவது குப்பி

கௌதமன் தன் கையால் செய்து வைத்துவிட்டுப் போனது இரண்டு குப்பித் தூள். பலேடியம் என்ற உலோகத்தைக் கரித்தூளில் ஏற்றி, ஒரு வருடம் மல்லுக்கட்டிச் செய்தது. சாயப்பட்டறையில் கேன் கேனாகக் கிடக்கும் ஃபார்மிக் அமிலத்தில் அதைப் போட்டால் எரிபொருளாகும் ஹைட்ரஜன் பிரிந்து வரும். செய்முறையைப் பாதிதான் எழுதியிருந்தான். ஆடியில் அவனைக் கொண்டுபோன காய்ச்சல் மீதியை எழுத விடவில்லை.

குமாரபாளையத்துப் பட்டறையின் பின்னறையில் அவன் மனைவி ஸ்ரீதேவி முதல் குப்பியை அமிலக் குடுவையில் கொட்டினாள். கௌதமனின் அண்ணன் சண்முகவேல் கதவருகே நின்றார். பட்டறை அவருடையது. ஒரு மணி நேரம் வாயு விடாமல் வந்தால் அந்த அறை அவள் ஆய்வுக்கு. இல்லையென்றால் நாளைக்கே அதில் நூல் மூட்டை ஏறிவிடும்.

குமிழிகள் சரசரவென்று எழுந்தன. நான்காவது நிமிடம் தளர்ந்தன. ஆறாவது நிமிடம் நின்றே போயின.

“அவ்வளவுதானா அம்மிணி? சோடா பாட்டலே இதுக்கு மேல பொங்குமே.”

ஸ்ரீதேவி குனிந்தாள். குடுவையை உற்றுப் பார்த்தாள். இவ்வளவு பளபளப்பாக அவள் அதை வைத்ததில்லை.

“அம்மாசியண்ணா, இதைய யாரு கழுவுனது?”

சாயத்தொட்டிப் பக்கமிருந்து பட்டறை வேலையாள் அம்மாசி எட்டிப் பார்த்தார். “நாந்தானுங்க. நீலக்கறை புடிச்சிருந்துச்சு. ஹைட்ரோஸ் போட்டு அலசி வெச்சேன். எம்பட ஊட்டு டம்ளரக்கூட இப்படிக் கழுவுனதில்லீங்க.”

கறையென்றால் ஹைட்ரோஸ் போடுவது பட்டறை வழக்கம். அதில் இருப்பது கந்தகம். கொஞ்சம் ஒட்டியிருந்தாலும் பலேடியம் செத்துவிடும்.

“தூளு நல்ல தூளுதானுங்க மாமா. குடுவைதான் கெட்டுப்போச்சு. இன்னொரு குப்பி இருக்குது.”

“அதும் போச்சுன்னா?” இப்போது அவர் குரலில் கேலி இல்லை. “அவன் கைபட்டது அதொண்ணுதான் சாமி. போடாத, வெச்சுக்க.”

அவள் அவரைப் பார்க்கவில்லை. “அண்ணா, வெளுப்புக்கு வாங்குன பெராக்சைடு கொண்டாங்க.”

“கொண்டாரேன். ஆனாக் குடுவைய நாந் தொடமாட்டனுங்க” என்றார் அம்மாசி, அழாத குறையாக.

கந்தகத்தின் நஞ்சு முறியக் குடுவையைப் பெராக்சைடில் ஊறவைத்தாள். மும்முறை அதில் தண்ணீரைக் கொதிக்கவிட்டுக் கொட்டினாள். புது அமிலம் ஊற்றினாள். பாதித் தூளை மிச்சம் பிடிக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பாதிக்கு ஒரு மணி நேரம் ஓடாது. குப்பியைக் கவிழ்த்துத் தட்டினாள்.

நான்காவது நிமிடம் கடந்தது. ஆறாவது நிமிடமும் கடந்தது. குமிழிகள் எழுந்துகொண்டே இருந்தன. இருபதாவது நிமிடத்தில் சண்முகவேல் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

ஒரு மணி நேரம் முடிந்தது.

“நிறுத்து அம்மிணி, பாத்தாச்சு. மூட்டைய வேற எடத்துல போட்டுக்கறேன்.”

அமிலத்தை வடித்து நிறுத்த அவளுக்குக் கை வரவில்லை.

“இன்னுங் கொஞ்ச நேரம் ஓடட்டுங்க மாமா.”