திரைக்குக் கீழே தெரிந்த கால்கள்

காலையில் ஓட்டுச்சாவடி திறந்ததும் தேவநாதன் வாசலில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லியிருந்தான்: "யார் எந்தப் பெட்டியில போட்டாங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அதுக்கு நான் ஜவாப்தாரி."

திண்டிவனம் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா அவன். முப்பத்தேழாம் வருஷத் தேர்தலுக்கு, ஒலக்கூர் பக்கத்தில் அந்தக் கிராமத்துச் சாவடியை நடத்த அனுப்பியிருந்தார்கள்.

வெயில் ஏறிய பிறகுதான் கால்களைக் கவனித்தான்.

திரை என்று கிராம முனிசீப்பு கட்டிக்கொடுத்தது ஒரு பழைய ஜமக்காளம். அடியில் முழங்கால் உயரத்துக்கு இடைவெளி. உள்ளே இரண்டு பெட்டிகள். இடப்பக்கம் பச்சை, தேர்தலில் நின்ற மிராசுதாருடையது. வலப்பக்கம் மஞ்சள், காங்கிரஸ்காரருடையது. சீட்டோடு உள்ளே போகிறவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பாதமே காட்டிக்கொடுத்தது.

மிராசுதாரின் ஏஜண்டு கோதண்டபாணி அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், பெஞ்சில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்தபடி. கால் இடப்பக்கம் நின்றால் வாசலைப் பார்த்துத் தலையாட்டுவார். வலப்பக்கம் என்றால் உதட்டைப் பிதுக்குவார். வாசலில் மிராசுதாரின் ஆள் வெங்கடாசலம் நின்றான்.

மிராசுதாரின் மனையில் குடியிருக்கும் இருதயராஜ் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே போனான். உதடு பிதுங்கியது.

"இன்னா இருதயராஜு, குடிசைய நீயே பிரிச்சிக்கிறியா, இல்ல நாங்க வரட்டுமா?" வெங்கடாசலம் சிரித்தான்.

தேவநாதன் முனிசீப்பைக் கூப்பிட்டான். திரைக்கு அடியில் மறைக்கப் பாய் கேட்டான்.

"பாயெல்லாம் கண்ணாலத்துக்குப் போயிருக்கு சார்" என்றார் முனிசீப்பு, கோதண்டபாணியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே. காங்கிரஸ் ஏஜண்டு சாப்பிடப் போனவர் திரும்பியிருக்கவில்லை.

அடுத்து சவுரியம்மாள் வந்தாள். மிஷன் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றிருந்ததால் ஓட்டுரிமை கிடைத்தவள். அவளும் குடியிருப்பது மிராசுதாரின் மனையில்.

"நெசமாவே தெரியாதுங்களா அய்யா?" என்று மெல்லக் கேட்டாள்.

"இரும்மா, பெட்டியைப் பாத்துட்டு வர்றேன்."

சீட்டை உள்ளே போடாமல் பெட்டி மேல் வைத்துக் கும்பிட்டுவிட்டு வருகிறவர்கள் இருந்தார்கள். அவர்களைத் திருப்பியனுப்புவதற்காகக் காலையிலிருந்தே பல தடவை உள்ளே போய் வந்திருந்தான். ஆகவே யாரும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. உள்ளே போனவன் இரண்டு பெட்டிகளையும் சத்தமில்லாமல் இடம் மாற்றினான். ஜனங்கள் நிறம் பார்த்துத்தான் போடுகிறார்கள், ஓட்டு மாறாது. ஆனால் பெட்டியில் கை வைத்தது தெரிந்தால் வேலை போய்விடும். வெளியே வந்தபோது சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

சவுரியம்மாளின் கால்கள் இடப்பக்கம் நின்றன. கோதண்டபாணி தலையாட்டினார். அவள் நிம்மதியாகப் போய் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்தாள். அவள் மஞ்சளில் போட்டாள் என்பது தேவநாதன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவனுக்கும் தெரிந்திருக்கக் கூடாது.

பிறகு பூமாலை. மிராசுதாரிடம் குத்தகைக்கு உழுகிறவன், அவர் வார்த்தையைத் தட்டாதவன். அவன் கால்கள் வலப்பக்கம் போய் நின்றன.

மல்லாட்டை உரித்த கை நின்றது. உதடு பிதுங்கியது.

"பச்சையிலதாங்க போட்டேன்! ஆத்தா மேல ஆணையா பச்சையிலதாங்க!" என்று வாசலில் பூமாலை அலறினான்.

"பொய் வேறயாடா? ஏஜண்டு காலப் பாத்துக்கினுதானே இருந்தாரு!" வெங்கடாசலம் பூமாலையின் துண்டை அவன் கழுத்திலேயே முறுக்கினான். பூமாலையின் கண்கள் பிதுங்கின. வேப்பமரத்தடியில் சவுரியம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்.

இதை தேவநாதன் நினைத்துப் பார்க்கவே இல்லை. மாற்றினேன் என்று உண்மையைச் சொன்னால் பூமாலை தப்புவான், அடுத்த நிமிஷம் சவுரியம்மாள் மாட்டுவாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அவன் செத்தே போவான்.

தேவநாதன் எழுந்தான்.

"அவனை விடச் சொல்லுங்க. உள்ளே போற போதெல்லாம் பெட்டிகளை மாத்தி மாத்தி வச்சிக்கினு இருக்கேன், காலையிலேருந்து. யார் எதுல போட்டாங்கன்னு உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

அவன் மாற்றியது ஒரே தடவை.

கோதண்டபாணி மடியிலிருந்த தோலைத் தட்டிவிட்டார். "பொட்டியில கை வச்சேன்னு கலெக்டர்கிட்டயும் சொல்லுவீங்களா சார்?"

"சொல்றேன்."

வாசலில் துண்டு தளர்ந்தது. பூமாலை இருமிக்கொண்டே தரையில் உட்கார்ந்தான். யாரும் இப்போது அவனைப் பார்க்கவில்லை.

"பொட்டிய ஏத்திக்கினு சாயங்காலம் எந்த வழியா போறீங்க?" கோதண்டபாணியின் குரல் ரொம்ப மரியாதையாக இருந்தது. அந்த ஊரிலிருந்து திண்டிவனத்துக்கு இருப்பது ஒரே ரோடு.

தேவநாதன் அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டான்.