கம்பி கட்டிய கதவு

"ஏண்டி, சர்க்கரையையும் ஏத்துமதி பண்ணிட்டாங்களா?" என்று கேட்டுக்கொண்டே சப்பென்றிருந்த தேநீரைக் குடித்துவிட்டு, என் கணவர் மெஷினுக்குத் திரும்பினார்.

பிளாஸ்டிக் பொம்மைக் கார் வார்க்கும் மெஷின் அவருடையது. அதற்குப் பக்கத்தில்தான் என் பேக்கிங் மேஜை. பக்கத்து நாட்டில் இதே கார் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனி எழுதியதிலிருந்து, எங்கள் எல்லோருக்கும் வேலை போய்விடுமோ என்ற பயம். ஃபோர்மேன் அந்த நாட்டு ஆலையின் வீடியோவைக் காட்டி, "இந்த வேகம் வந்தா ஆர்டர் நமக்குத்தான்" என்றார். வீடியோவில் அச்சிலிருந்து காரை எடுத்தது இயந்திரக் கை. எங்கள் ஆலையில் என் கணவர் தன் கையால் எடுத்தார்.

கதவைத் திறந்தால் மெஷின் தானாக நின்றுவிடும். அந்த நேரத்தை மிச்சம் பிடிக்க, கதவு திறந்திருந்தாலும் மெஷின் ஓடும்படி கதவுச் சுவிட்சைக் கம்பியால் இழுத்துக் கட்டினார்கள். அன்றிலிருந்து அவர் உள்ளே கை விடும்போதெல்லாம் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

தேநீருக்குப் பிறகும் சொன்னேன்: "வேண்டாங்க, பயமா இருக்கு."

"ஆர்டர் போனா மட்டும் பயமா இருக்காதா? போ, பெட்டியைப் பாரு."

சற்று நேரத்தில் அச்சில் ஒரு கார் ஒட்டிக்கொண்டது. அதைப் பெயர்க்க அவர் தலையோடு உள்ளே குனிந்தார். நான் கத்துவதற்குள் அச்சு மூடிவிட்டது.

கம்பியை மறுநாளே அவிழ்த்தார்கள். ஆர்டரும் அந்த மாதமே பக்கத்து நாட்டுக்குப் போனது. அவர் அத்தனை வேகமாகப் போட்டபோதும் அங்கே விலை குறைவாகத்தான் இருந்தது, இன்றும் குறைவுதான்.