படையலில் வைக்காத பேய்க்கதை

என் மாமியார் வேலம்மாள் செத்ததைக்கூடத் தாங்கிக்கொண்டேன். கதையில் கடைசி அத்தியாயம் பாக்கி இருக்கும்போது செத்தார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

அண்ணாமலை நகரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். ஹாஸ்டல் பெண் யாரோ அங்கே மறந்துவிட்டுப் போன பேய் நாவல் அது. ஒரு மாதம் பார்த்தேன், யாரும் கேட்டு வரவில்லை. கடலூருக்கு, தேவனாம்பட்டினத்து வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன். அத்தைக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். சாயங்காலம் அவர் மீன் ஆய்வார், நான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பேன்.

ஒரு பாழும் பங்களா. ஜமீன்தாருக்கு ஒரு நாளைக்குப் பத்து காபி வேண்டும். போட்டுப் போட்டு அலுத்துப்போன பெண்டாட்டி காபியிலேயே விஷத்தைக் கலந்துவிடுகிறாள். ஆள் செத்தாரே தவிர, போகவில்லை. தன் கருமாதிப் பந்தியில் தானே வந்து உட்கார்ந்து, சாம்பாரில் உப்பு ஜாஸ்தி என்கிறார்.

"இதச் சொல்றதுக்கா செத்துட்டு வந்தான்? எம்மவன் உசுரோடவே சொல்றானே!" என்றார் அத்தை. சிரிப்பை அடக்கினால் அவருக்கு மூக்கு வழியாக ஓர் உறுமல் வரும். போகப் போக அது எனக்கும் தொற்றிக்கொண்டது.

"என்ன உட்டுட்டு முடிவப் படிச்சிடாதடி திலகா" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினார். மறுநாள் விடிகாலை நெஞ்சுவலி. அவ்வளவுதான். வீடே கதறியது. எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

பதினைந்தாம் நாள் சாயங்காலம் படையல். அத்தைக்குப் பிடித்ததையெல்லாம் இலையில் வைத்தோம். சுறாப்புட்டு, முறுக்கு, வெற்றிலை. ஓரமாக நாவலையும் வைத்தேன். சிதம்பரத்திலிருந்து வந்திருந்த நாத்தனார் ஜோதிலட்சுமி அதை வெடுக்கென்று எடுத்து அலமாரியில் போட்டாள்.

"படையல்ல பேய்க்கதையயா வெப்பாங்க? புத்தி கித்தி கெட்டுப்போச்சா அண்ணி?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏதோ வாய்த்தகராறில் அம்மாவோடு ரெண்டு வருஷம் பேசாமல் இருந்தவள் இவள். அத்தை எத்தனை முறை போன் போட்டும் எடுக்கவில்லை. கடைசியில் பிணத்தின் காலைப் பிடித்துக்கொண்டுதான் பேசினாள். இப்போது அதிகாரம் பண்ண வந்துவிட்டாள், மகராசி.

கற்பூரம் காட்டினார்கள். செத்தவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லாரும் தெருவில் நின்றோம். நாளைக்குக் கருமாதி. அதோடு அத்தை ஒரேயடியாகப் போய்விடுவார். சத்தியத்தைக் காப்பாற்ற எனக்கு இருந்தது இந்தப் பத்து நிமிஷம்தான். ஒருவருக்கும் தெரியாமல் சுற்றிப்போய்த் தோட்டக் கதவு வழியாக உள்ளே நுழைந்தேன்.

அலமாரியிலிருந்து நாவலை எடுத்துக்கொண்டு அத்தை படத்தின் முன்னால் உட்கார்ந்தேன். மெதுவாக வாசித்தேன். ஜமீன்தாரிணி ஒருவழியாகச் செத்துப்போகிறாள். அப்பாடா என்று மேலே போய்க் கண்ணைத் திறந்தால், காலி டம்ளரோடு அவர் நிற்கிறார். "வந்துட்டியா? இதுல சர்க்கரை கம்மியாப் போடு."

எனக்குச் சட்டென்று மாமனாரின் ஞாபகம் வந்தது. அவரும் காபிப் பைத்தியம், போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாகிறது. அங்கே அத்தையின் கதியை நினைத்தேன். முந்தானையை வாயில் திணித்துப் பார்த்தும் அடங்கவில்லை. மூக்கு வழியாகப் பீறிட்டுக்கொண்டு வந்தது, அத்தையின் அதே உறுமல்.

வெளியே பேச்சுச் சத்தம் அப்படியே நின்றது. போச்சுடா, மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தேன்.

"எங்கம்மா! எங்கம்மா சிரிக்குது!" ஜோதி வீறிட்டாள். "எம்மேல அதுக்குக் கோவம் இல்ல. கோவமா இருந்தா சிரிக்குமா?"

புத்தகத்தை இடுப்பில் செருகிக்கொண்டு, வந்த வழியே ஓடிக் கூட்டத்தோடு நின்றேன். ஜோதி என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களும் கேட்டீங்கள்ல அண்ணி? அம்மாதான?"

நான்தாண்டி அது என்று நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"கேட்டேன் ஜோதி. அத்த சிரிப்பேதான்."

அவள் என் தோளில் விழுந்து அழுதாள். பதினைந்து நாளாக வராத அழுகை எனக்கும் அப்போதுதான் வந்தது.