திவால் மனுவில் நூற்று முப்பத்தேழு வீடுகள்

வாருங்கள், வந்து இந்தக் கணக்கைப் பாருங்கள். செக்கானூரணிக்கு மேற்கே ஒரு சிற்றூரில் பேயாண்டி என்றொரு விவசாயி இருக்கிறார். இரண்டு ஏக்கர் நிலம், ஒரு கிணறு. 1979-ஆம் ஆண்டு தை மாதம், கிணற்றை ஆழப்படுத்துவதற்காக, ஆரப்பாளையத்தில் லாட்ஜும் வட்டித் தொழிலும் நடத்தும் முத்துக்கருப்பனிடம் ஆறாயிரம் ரூபாய் வாங்கினார். நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் வட்டி. மாதம் முந்நூறாக, முப்பத்தாறு மாதம் தவறாமல் கொண்டுபோய்க் கொடுத்தார். வாங்கியது ஆறாயிரம், கொடுத்தது பத்தாயிரத்து எண்ணூறு. பிறகு மழை பொய்த்தது, கிணறு வறண்டது, வட்டி நின்றது. 1983-ஆம் ஆண்டு தொடக்கத்தில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது: பேயாண்டி இன்னும் பதின்மூவாயிரத்து இருநூறு ரூபாய் கொடுக்க வேண்டும்!

எப்படி என்று கேட்கிறீர்களா? பணம் வாங்கிய அன்று அவர் கையெழுத்திட்டது ஒன்றும் எழுதாத புரோநோட்டில். ஸ்டாம்பு ஒட்டியிருந்தது, தொகை இருந்த இடம் வெறுமையாக இருந்தது. மூன்று ஆண்டுக்குப் பிறகு அந்த வெற்றிடத்தில் பத்தாயிரம் என்று ஏறியது. வட்டியும் கோர்ட்டுச் செலவும் அதன் மேல் ஏறின. கொடுத்த வட்டிக்கு ஒரு துண்டுச் சீட்டுக்கூட இல்லை. சம்மன் வந்த நாளில், "வெறும் மெரட்டலுக்கு அனுப்பிருக்கேன்ப்பா, நீ பாட்டுக்கு வேலையப் பாரு" என்று முத்துக்கருப்பன் சொன்னதை நம்பி, பேயாண்டி கோர்ட்டுக்கே போகவில்லை.

பங்குனியில் தீர்ப்பை நிறைவேற்றும் கோர்ட்டு ஊழியரான அமீனா ஊருக்குள் வந்தார். பணத்தைக் கட்டாவிட்டால் பிடித்துச் சிவில் சிறையில் வைக்கும் உத்தரவு விரைவில் வரும் என்று எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாளே பேயாண்டி மதுரைக்குப் பஸ் ஏறினார். யாரோ சொல்லி, மைக்கேல்ராஜ் என்ற இளம் வழக்கறிஞரின் அறைக்குப் போனார். மைக்கேல்ராஜ் காகிதங்களை நெடுநேரம் படித்தார்.

"அண்ணே, ஒரே வழிதான் இருக்கு. ஐ.பி. மனு. திவால்."

"மஞ்சக் கடுதாசியா சார்?"

"ஊர்ல அப்படித்தான் சொல்லுவாங்க. சட்டத்துல அதுக்கு அசிங்கமான பேரு ஒண்ணும் கிடையாது. என்னால கட்ட முடியல, இருக்கிறதை எடுத்து எல்லாருக்கும் பங்கு போட்டுக் குடுங்கன்னு கோர்ட்டுக்கிட்ட சொல்றது. நிலம் போகும். குடியிருக்கிற வீட்டையும் உழவு மாட்டையும் தொட மாட்டாங்க. ஜெயிலுக்குப் போக வேண்டாம்."

"எம் பேரு?"

சட்டப் புத்தகத்தில் அதற்குப் பதில் இல்லை.

பேயாண்டி தயங்கியதற்குக் காரணம் நிலம் மட்டுமன்று. அந்தப் பக்கத்து ஊர்களில் கடன் முற்றியவனுக்கு மூன்று வழிகள் மரியாதையானவை. ஓடிப்போகலாம், 'பொழைக்கப் போனான்' என்பார்கள். அரளி விதையை அரைத்துக் குடிக்கலாம், 'மானஸ்தன்' என்பார்கள். இன்னொரு விசேஷம் வைத்து மொய் வாங்கலாம், 'சமாளிச்சுக்கிட்டான்' என்பார்கள். சட்டத்தின் வாசலுக்குப் போனவனை மட்டும் மானங்கெட்டவன் என்பார்கள். சாவுக்குத் தரும் மரியாதையை மனுவுக்குத் தர மறுக்கும் இந்த அறிவை நமக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் யார்? கடன் கொடுத்தவர்களைத் தவிர வேறு யாருக்கு இதில் லாபம்?

மூன்றாவது வழியைத்தான் மனைவி சோலையம்மாளின் அண்ணன் சங்கிலி சொன்னார்.

"மாப்ள, சின்ன மகளுக்குச் சடங்குன்னு ஒரு பத்திரிக்கை அடி. பந்தலப் போடு. எட்டாயிரம் வந்துரும்."

"மச்சான், போன தடவ பயலுகளுக்குக் காதுகுத்து வச்சு வாங்குன மொய்யே இன்னும் திருப்பிச் செய்யாமக் கெடக்கு. நூத்து முப்பத்தேழு வீடு. அம்புட்டும் வட்டிக்கும் கெணத்துக்கும் போயிருச்சு. இப்ப எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பத்திரிக்கை நீட்டுறது?"

"மூஞ்சியப் பாத்தா மொய் எழுதுறாங்ய? சோத்தப் பாத்துத்தான எழுதுறாங்ய!"

சங்கிலி சிரித்தார். பேயாண்டிக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரமே ஆரப்பாளையத்திலிருந்து பேயாண்டியைக் கூப்பிட ஆள் வந்தது. லாட்ஜின் முன்னறையில் முத்துக்கருப்பன் கலர் வாங்கிக் கொடுத்து உட்காரவைத்தார். வக்கீலிடம் போன செய்தி அவருக்கு எட்டியிருந்தது.

"ஏப்பா பேயாண்டி, நமக்குள்ள கோர்ட்டு எதுக்கு? நெலத்த எம் பேருக்கு எழுதிக் குடுத்துரு. கோர்ட்டு குடுத்த டிகிரியக் கிழிச்சுப் போட்டுர்றேன். கையில ரெண்டாயிரம் தாரேன். ஒரு பயலுக்குத் தெரியாது. நாளைக்குப் பொண்ணு குடுக்கணும், எடுக்கணும். மஞ்சக் கடுதாசி குடுத்தவன் வீடுன்னு ஒருத்தன் சொல்லலாமா? ஒம் மானம் எனக்குப் பெருசுப்பா."

"யோசிச்சுச் சொல்றேண்ணே" என்று எழுந்தார் பேயாண்டி. உள்ளபடியே சொன்னால், அவர் மனம் அந்த இரண்டாயிரத்தின் பக்கம்தான் சாய்ந்திருந்தது. ஆவணியில் ஊரில் நான்கு கல்யாணம். இரண்டாயிரம் இருந்தால் நான்கு வீட்டிலும் தலைநிமிர்ந்து மொய் செய்யலாம். மற்றவர்களுக்கு மெல்ல மெல்லச் செய்துகொள்ளலாம்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் கணக்குப் போட்டார். நிலம் பதின்மூவாயிரம் பெறும். அது முழுவதும் முத்துக்கருப்பனுக்கு. கூட்டுறவுச் சங்கத்துக்குப் பம்புசெட் கடன் நாலாயிரத்து ஐந்நூறு, அவர்களுக்கு ஒன்றுமில்லை. உரக்கடைக்குத் தொள்ளாயிரம், அவர்களுக்கும் ஒன்றுமில்லை. மொய் செய்தவர்களுக்கு அந்த இரண்டாயிரத்தில் கொஞ்சம், அதுவும் முதலில் விசேஷம் வைப்பவர்களுக்கு மட்டும். ஏற்கெனவே முதலுக்கு மேல் வாங்கிவிட்ட ஒருவருக்கே எல்லாவற்றையும் கொடுத்துவிட்டு, அதற்கு மானம் என்று பெயர் வைக்கச் சொல்கிறார் முத்துக்கருப்பன். நாகமலை தாண்டும்போது பேயாண்டி முடிவு செய்துவிட்டார். மனுப் போடுவது.

மைக்கேல்ராஜ் மகிழ்ச்சியோடு மனுவை எழுதத் தொடங்கினார். "யார் யாருக்கு எம்புட்டுக் கடன்னு ஒண்ணு விடாமச் சொல்லுங்கண்ணே. கீழே, 'இவை தவிர எனக்கு வேறு கடன் இல்லை, இது சத்தியம்'னு எழுதிக் கையெழுத்துப் போடணும்."

பேயாண்டி மூன்று பெயர்களைச் சொன்னார். பிறகு துணிப் பைக்குள் கைவிட்டு மொய் நோட்டை எடுத்தார். "இவுக நூத்து முப்பத்தேழு பேரு. ஏழாயிரத்து எண்ணூத்தி அம்பது."

வழக்கறிஞர் பேனாவை மூடிவிட்டார். "அண்ணே, மொய் கடன்ல சேராது. அது அன்பளிப்பு. யாரும் அதுக்குக் கேஸ் போட மாட்டாங்க."

"கேஸ் போட மாட்டாகன்னா கடன் இல்லைன்னு ஆயிருமா சார்?"

"இத்தனை பேருக்கும் நோட்டீஸ் போகணும். தபால் செலவு, கோர்ட்டுப் பேட்டா... நீங்க எங்க போவீங்க? போயிட்டு வீட்ல கலந்துக்கிட்டு வாங்க."

வீட்டில் சோலையம்மாள் புளியை உடைத்துக்கொண்டிருந்தார். கணவர் சொன்னதை எல்லாம் கேட்டார். ஒரு கூடை புளியை உடைத்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"மொய்ய எழுதிட்டா என்னாகும்?"

"நெலத்த வித்து ரூவாய்க்கு எட்டணா வீதம் எல்லாருக்கும் கோர்ட்டே குடுத்துரும். மிச்சம் தள்ளுபடி."

"எழுதாட்டி?"

"மத்த மூணு பேருக்கும் ரூவாய்க்குப் பதினோரணா கெடைக்கும். மொய்ய நாம பெறகு செய்யணும்."

"எத வச்சு?"

பேயாண்டி அடுத்த கூடையை மனைவி பக்கம் இழுத்து வைத்தார்.

"கூலிக்குப் போயி நூத்து முப்பத்தேழு வீட்டுக்குச் செஞ்சு முடிக்க நமக்கு எத்தன ஆயுசு வேணும்? செய்வோம்னு வாயில சொல்லிக்கிட்டு, செய்யாமலே செத்துப் போவோம். எழுதாம விடுறது ஏமாத்து. ஆனா ஒண்ணு கேக்குறேன்யா. நீ எழுதணும்னு நிக்கிறது அவுகளுக்குப் பங்கு கெடைக்கவா, இல்ல ஓம் மனசு சுத்தமா இருக்கவா?"

இரண்டில் எது என்று பேயாண்டிக்கே விளங்கவில்லை. ஆனால் ஒன்று அவருக்குத் தெரிந்திருந்தது. தன்னிடம் ஒருநாளும் வந்து கேட்காத கடன்காரர்கள் அவர்கள் மட்டும்தான். கேட்டு மிரட்டியவருக்குப் பங்கு உண்டு, கேட்காமல் இருந்தவருக்குப் பங்கு இல்லை என்றால், அப்படிப்பட்ட காகிதத்தின் அடியில் சத்தியம் என்று எழுத அவர் கை வரவில்லை.

இரண்டு ஆடுகளை விற்று நோட்டீஸ் செலவுக்குக் கட்டினார்கள். மனு பதிவாயிற்று. கைது நின்றது.

ஆனியில் தபால்காரர் மூன்று நாள் வீடு வீடாகச் சைக்கிள் மிதித்தார். அதன் பிறகு பேயாண்டியால் டீக்கடைப் பக்கம் போக முடியவில்லை; யாராவது ஒருவர் வாயைத் திறந்துவிடுவார்.

"வாய்யா, மொய்க்கு நோட்டீஸ் விட்ட மகராசா! எங்க அப்பன் காலத்துல ஒங்க அப்பன் வீட்ல தின்ன சோத்துக்கும் கோர்ட்டுல பில்லு வருமாய்யா?"

சங்கிலி வீட்டு வாசலில் நின்று கத்தினார். "ஐநூத்தொண்ணு செஞ்சேன், தங்கச்சிக்குச் செஞ்சேன். என்னையப் போயிக் கோர்ட்டுல கடன் குடுத்தவன்னு எழுதிட்டீரே மாப்ள! இனிமே ஒம்ம வாசல மிதிக்க மாட்டேன்."

அவர்கள் கோபத்திலும் ஒரு நியாயம் இருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மொய்யை யாரும் கேட்பதில்லை. கேட்காமலே திரும்பி வரும் என்ற நம்பிக்கைதான் அதன் உயிர். அதை எண்ணிட்டு, வரிசைப்படுத்தி, அரசு முத்திரை வைத்து அனுப்பியதைக் கண்டு அவர்கள் மனம் நொந்தது இயல்பு. நொந்தவர்களில் பெரும்பாலோர் கோர்ட்டுக்குப் போகவில்லை. போனால், மொய்யைக் கேட்டுக் கோர்ட்டுப் படி ஏறியவர்கள் என்ற பெயர் தமக்கு வந்துவிடும் என்று அஞ்சினார்கள்.

ஜூலை மாதம் மதுரை சார்பு நீதிமன்றத்தில் மனு விசாரணைக்கு வந்தது. முத்துக்கருப்பனின் வழக்கறிஞர் எழுந்தார். "கனம் கோர்ட்டார் கவனிக்க வேண்டும். மனுதாரர் நூற்று முப்பத்தேழு பொய்க் கடன்களைச் சேர்த்திருக்கிறார். காதுகுத்துக்கு வந்த அன்பளிப்பைக் கடன் என்கிறார். என் கட்சிக்காரரின் பங்கைக் குறைப்பதற்கான சூழ்ச்சி இது. மோசடி மனு. தள்ளுபடி செய்ய வேண்டும்."

பாருங்கள் இந்த விந்தையை! வெற்றுக் காகிதத்தில் தொகையை ஏற்றியவர் தரப்பு, உள்ளதை உள்ளபடி எழுதியவரை மோசடிக்காரர் என்கிறது. மனு தள்ளுபடியானால் அடுத்து சிறை.

"பணம் கொடுத்தவர்கள் யாராவது வந்திருக்கிறார்களா?" என்று நீதிபதி கேட்டார்.

வந்திருந்தவர்கள் நான்கு பேர். மூன்று பேர் 'நாங்களும் குடுத்தோம்' என்று மட்டும் சொல்லிவிட்டுத் தூணோரம் ஒதுங்கிக்கொண்டார்கள். ஒச்சம்மாள் மட்டும் கூண்டில் ஏறினார். ஊரில் இட்லிக் கடை போட்டிருக்கும் கைம்பெண். அவருக்கும் கோபம் குறைவில்லை.

"குடுத்தேன்யா. அம்பத்தோரு ரூவா. ஆவணியில எம் மக கல்யாணம். இவரு செய்வாருன்னு இருந்தேன், நோட்டீச அனுப்பிட்டாரு. கோர்ட்டு குடுக்கும்னு வாங்க வரல நான். குடுத்தது நெசமான்னு கேட்டா நெசந்தான்."

எதிர் வழக்கறிஞர் குறுக்கிட்டார். "அம்மா, அது கடனா, அன்பளிப்பா? ஒரு வார்த்தையில் சொல்லுங்கள்."

"அது என்ன எழவோ எனக்குத் தெரியாதுங்க. வாங்குனா செய்யணும். செய்யாதவன் ஊருக்குள்ள நடமாட முடியாது. இதுக்கு நீங்க என்ன பேரு வேணா வச்சுக்கங்க."

நீதிமன்றத்தில் சிரிப்பெழுந்தது. நீதிபதி சிரிக்கவில்லை. எழுதினார். பிறகு சொன்னார்: நால்வர் சொல்லை வைத்து நூற்று முப்பத்தேழு பேருக்குத் தீர்ப்புச் சொல்ல இயலாது. மற்றவர்கள் ஆகஸ்ட் பன்னிரண்டாம் தேதி நேரில் வந்து, கொடுத்தது உண்மை, திருப்பிச் செய்வது வழக்கம் என்று சொல்ல வேண்டும். வராவிட்டால் அந்தக் கடன்கள் பொய் என்று கொள்ளப்படும். பொய்யென்றால் மனுவும் நிற்காது.

வெளியே வந்ததும் மைக்கேல்ராஜ் கேட்டார்: "இப்பவும் அந்தப் பேர்களை நீக்கி ஒரு திருத்த மனு போடலாம். என்னண்ணே சொல்றீங்க?"

பேயாண்டி கூட வந்திருந்த மனைவியைப் பார்த்தார்.

"கெடக்கட்டும் சார்" என்றார் சோலையம்மாள். "இருக்கிறதத்தான எழுதிருக்கு."

நூற்று முப்பத்து மூன்று வீட்டாரே! பேயாண்டியைத் திட்டுவதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. டீக்கடையில் திட்டுங்கள், வாசலில் நின்று திட்டுங்கள். ஆனால் நீங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தால், உங்கள் மௌனம் முத்துக்கருப்பனின் வழக்கறிஞருக்குச் சாட்சியாகிவிடும். உங்கள் கூச்சத்தின் விலையை ஒரு மனிதர் சிறையில் கட்டுவார். அந்தப் பட்டியலில் பெயர் இல்லாத மற்றவர்களே, நீங்களும் ஒதுங்கிக்கொள்ளாதீர்கள். கடனைக் கட்ட முடியவில்லை என்று ஒருவர் வாய்திறந்து சொன்னால், அவர் பின்னால் சிரிப்பதை இன்றோடு விடுங்கள். அவர் பக்கத்தில் போய் நில்லுங்கள். எழுதாத காகிதத்தில் ஒருவரும் கையெழுத்திடாதீர்கள்; இட்டவர்கள் இன்றே போய்த் திருப்பிக் கேளுங்கள். ஆகஸ்ட் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு நீதிமன்றம் கூடும். ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தால் நேரத்துக்கு வந்துவிடலாம். ஏறுங்கள்.