மூடாத ஒரு பக்கம்

தையல் மெஷினின் மிதியை அழுத்தியதும் சக்கரம் பின்பக்கமாகச் சுற்றி நூலை அறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள் கோணல். முன்னறையில் அக்கா கழுத்துவரை போர்த்தப்பட்டுக் கிடந்தாள். காலையில் குளிக்கப் போனவள் குளியலறை வாசலிலேயே சரிந்துவிட்டாள். தகவல் கேட்டுக் கோணல் வெளியூரிலிருந்து அடித்துப்பிடித்து வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. சாயங்காலம் வண்டி வந்துவிடும்.

கோணல் என்பது அக்கா வைத்த பெயர். சின்ன வயதில் தங்கை தைத்த தலையணை உறை ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் சூம்பி வந்தது. அதோடு அவளுடைய சொந்தப் பெயரை வீட்டில் எல்லோரும் மறந்துபோனார்கள்.

ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுத்த அக்கா, தனக்கென்று ஆசைப்பட்டு வெட்டியது இந்த நீல பிளவுஸ் ஒன்றைத்தான். கை வைத்தாகிவிட்டது, கழுத்தும் முடிந்துவிட்டது. ஒரு பக்கம் மட்டும் தைத்து மூட வேண்டும். இதைப் போட்டுத்தான் அனுப்புவது என்று கோணல் ஒற்றைக்காலில் நின்றாள்.

அக்காவின் கணவர் வாசற்படியில் வந்து நின்றார்.

"எதுக்கும்மா இந்தப் பாடு? பீரோவுல இல்லாத பிளவுஸா?"

"ஆசையா வெட்டினது, அத்தான். அரைகுறையா விட்டுட முடியுமா?"

"அப்ப எதிர்வீட்டு டெய்லரைக் கூப்பிடறேன்."

"அந்தாளு தையலைப் பாத்தா அக்கா எந்திரிச்சு உக்காந்து திட்டுவா."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அத்தான் சட்டென்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கோணல் நூலை மறுபடி கோத்து, ஊசியையே உற்றுப் பார்த்துத் தைத்தாள். தையல் குடிகாரன் நடை நடந்தது. பிரித்தாள். துணியைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்துத் தைத்தாள். இன்னும் மோசம். மறுபடி பிரிக்கக் குனிந்தபோதுதான், ஊசிக்கு வலது பக்கம் தகட்டின்மேல் ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். பழைய பிளாஸ்டிக் அட்டையைக் கீற்றாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, குட்டிச் சுவர்போல எழுப்பியிருந்தாள் அக்கா.

இது என்ன கூத்து? துணியின் ஓரம் நேராகப் போக எல்லோரும் அந்த இடத்தில் ஒரு கோடுதான் போட்டுக்கொள்வார்கள். இவளுக்கு எதற்குச் சுவர்? நகத்தால் தட்டிப் பார்த்தாள். நூல்கண்டுகளைத் திருப்பினாள். சிவப்பில் ஒரு ரப்பர் பேண்டு, நீலத்தில் இரண்டு, கறுப்பில் மூன்று. தலையை நிமிர்த்தினாள். மெஷினுக்கு மேலே தொங்கிய விளக்கில் பல்பே இல்லை.

"அத்தான், இங்க இருந்த பல்பு எங்க?"

"கழட்டிச் சமையலறையில போட்டுட்டா. எனக்கு எதுக்குக் கரண்டை வீணாக்கணும்னா."

கோணல் அவரையே பார்த்தாள்.

"ரொம்ப நாளாவே கண்ணு மங்கிட்டு வந்துதும்மா. டாக்டரும் கையை விரிச்சுட்டாரு. கடைசியில வெளிச்சம் மட்டும்தான் தெரிஞ்சுது. காலையில நான் ஊசி கோத்து வெச்சுட்டுப் போவேன். மிச்சமெல்லாம் தடவித் தடவித்தான்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேலையை விட்டுட்டு வந்து உக்காந்துக்குவேன்னா."

அவளுக்கு அக்காமேல் பொல்லாத கோபம் வந்தது. போய் உலுக்கிக் கேட்க வேண்டும்போல் இருந்தது. மடியில் கிடந்த துணியைப் பார்த்தாள்.

"அப்ப இந்த நீலம்? இது எப்படித் தெரிஞ்சு எடுத்தா?"

"நீதான் போனதடவ சொன்னியாமே, நீலம் அவளுக்கு எடுப்பா இருக்கும்னு. கடைக்காரன்கிட்ட நீலம்தானே, நீலம்தானேன்னு கேட்டுக் கேட்டு வாங்கினா."

கோணல் கோணலாகப் போன தையலைப் பிரித்தாள். ஊசியிலிருந்து நூலை உருவி அத்தானிடம் நீட்டினாள். அவர் குனிந்து ஒரே முயற்சியில் ஊசியில் கோத்தார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். துணியின் ஓரத்தை விரலால் தேடி எடுத்து, அந்த அட்டைச் சுவரில் சாய்த்தாள். இழுக்கவில்லை. மிதியை மெல்ல அழுத்தினாள். துணி தானாக நகர்ந்தது. ஓரம் சுவரில் உரசிக்கொண்டே போனது.

துணி முடிந்ததும் காலை எடுத்தாள். வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

"சரியா வந்துதாம்மா?" என்றார் அத்தான்.

அவள் கண்ணைத் திறக்காமல், கட்டைவிரலால் தையலை மேலிருந்து கீழ்வரை தடவிப் பார்த்தாள். பிறகு கீழிருந்து மேலே.