ஒட்டு மூக்கு

சவப்பெட்டியின் மூடி திறந்ததும் நிரோஜா கையிலிருந்த செபமாலையை உள்ளே வைக்க மறந்து நின்றுவிட்டாள். அப்பாவின் மூக்கு நேராக இருந்தது.

அவளுக்குத் தெரிந்த நாள் முதல் நடுவில் பள்ளம் விழுந்து கிடந்த மூக்கு அது. இப்போது பள்ளத்தை மெழுகு நிரப்பியிருந்தது. மேலே பவுடர்.

“ஆர் இப்பிடிச் செய்யச் சொன்னது?”

“நான்தான். சவம் சோடிக்கிற ஆக்களுக்கு நேற்றே போன் பண்ணிச் சொல்லிப்போட்டன்.” பெரியப்பா அந்தோனிமுத்து ஸ்கீவ நகரிலிருந்து கார் ஓட்டி வந்திருந்தார். “பார், இளந்தாரி மாதிரிக் கிடக்கிறான். ஊரில எல்லாரும் வீடியோவில பாக்கப்போயினம். ஐஸில விழுந்து உடைஞ்ச மூக்கை என்னெண்டு காட்டுறது?”

அம்மா ராசமலர் கதிரையில் அசையாமல் இருந்தாள்.

அப்பா அந்தோனிதாசன் கொப்பன்ஹேகன் மியூசியத்தில், கிரேக்க, ரோமச் சிலைகளுக்கு இருபது வருடம் காவல் நின்றவர். நிரோஜாவின் பன்னிரண்டாவது வயதில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு முன் அவளைக் கூட்டிப்போய் நிறுத்தினார். உள்ளே வெறும் மூக்குகள்.

“உடைஞ்ச சிலையளுக்கு, பிற்காலத்தில ஆரோ செய்து ஒட்டினது. இப்ப கழட்டிப்போட்டினம்.”

“ஏன் அப்பா? மூக்கிருந்தா வடிவுதானே?”

“வடிவுதான். ஆனா பொய்யெல்லோ.”

அப்போதுதான், தன் மூக்கைத் தடவியபடி, அம்மாவைக் கட்டிய அன்று நடந்ததைச் சொன்னார். சைவப் பெட்டையைக் கட்டியதற்கு அண்ணனின் கை கொடுத்த பரிசு. ஐஸ் கதை, அண்ணனுக்காக அவரே கட்டியது.

“பெரியப்பா, அப்பா எந்த ஐஸில விழுந்தவர்?”

பெரியப்பா போனை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். வெளியே ஒரு பஸ் வந்து நின்று, போனது.

“செத்த இடத்தில விசாரணை வைக்கிறியோ? வாய் கூடிப்போச்சு உனக்கு. ராசமலர், இதுதான் உன்ர வளர்ப்போ?”

அம்மா அவரைப் பார்க்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“எடு பிள்ளை.”

நிரோஜா பெருவிரலால் மெழுகின் விளிம்பை நெம்பினாள். ஒரே துண்டாகக் கழன்று வந்தது. அடியில் பள்ளம் அப்படியே இருந்தது. ஈரத் துணியால் பவுடரைத் துடைத்துவிட்டுப் பெரியப்பாவிடம் போனாள்.

“இது உங்கட. வைச்சிருங்கோ.”

அவர் கை தானாக நீண்டது.

பாதிரியார் வந்தார், செபம் தொடங்கியது, எல்லோரும் எழுந்தார்கள். சிலுவை அடையாளம் போட வலது கையை உயர்த்திய பெரியப்பா பாதியில் நிறுத்தினார். உள்ளங்கைச் சூட்டில் மெழுகு விரல்களில் ஒட்டத் தொடங்கியிருந்தது.