பழுப்பு ஏறாத அடுக்கு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இது திருட்டுச் சரக்கு. போன மாதம் அக்கா போனில் அழுதாள். நான் ஆறுதல் சொல்லிக்கொண்டே குறிப்பெடுத்தேன். எழுத்தாளனைத் தம்பியாகப் பெற்றவள் வாங்கிவந்த வரம் அது.

அக்கா ஆய்வு மாணவி. பிறந்து சில நாளே ஆன எலிக்குட்டிகளின் கருப்பையை மெல்லிசாகச் சீவி, ஈஸ்ட்ரோஜன் ஏற்பி எந்த நாளில், எந்த அடுக்கில் தோன்றுகிறது என்று பார்ப்பவள். ஏற்பி என்பது ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் புரதம். அது இருக்கும் இடத்தில் சாயம் பழுப்பாக ஏறும். இல்லாத இடம் நீலமாக நிற்கும். (பயந்து பக்கத்தைப் புரட்டாதீர்கள். இதற்கு மேல் எனக்கே தெரியாது.)

2

கதைக்கு நான் எழுதிய முதல் தொடக்கம்: 'நுண்ணோக்கியின் வெளிச்ச வட்டத்தில் அவள் தன் தனிமையை...' வேண்டாம். அவள் தேடியது எலிக் கருப்பையின் உட்சுவரை.

இரண்டாவது: 'குழந்தையில்லாத அவள்...' அக்காவுக்கு இரண்டு பிள்ளைகள். என் மடிக்கணினியில் பாலைக் கொட்டியவன் மூத்தவன். கருப்பை என்று எழுதினாலே கண்ணீர் சொட்ட வேண்டும் என்று எழுத்தாளர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ.

3

சரி, நடந்தது இதுதான். அக்காவின் பேராசிரியருக்கு ஆய்வகத்தில் 'சொன்னேன்ல' என்று பெயர். எதைப் பேசினாலும் அப்படித்தான் முடிப்பார். பிறந்த நாளிலிருந்தே உட்சுவரில் ஏற்பி உண்டு என்று இருபது வருடம் முன்பு எழுதிப் பெரிய ஆளானவர். அக்காவின் ஸ்லைடுகளிலோ உட்சுவருக்கு அடியிலிருந்த அடுக்கு மட்டும் பழுப்பு. உட்சுவர் நீலம்.

"மறுபடி பண்ணும்மா. வரும். சொன்னேன்ல?"

ஒன்பது முறை பண்ணினாள். ஒன்பது முறையும் நீலம். பிறகு ஒரு மரியாதையில்லாத காரியம் செய்தாள். அவர் அந்தக் காலத்தில் பயன்படுத்திய அதே ஆன்டிபாடியை (ஏற்பியைத் தேடி ஒட்டிக்கொண்டு சாயம் ஏறவைப்பது), அந்த ஏற்பியே இல்லாமல் பிறக்கும்படி உருவாக்கப்பட்ட எலியின் திசுவில் போட்டாள். பளிச்சென்று பழுப்பு! இல்லாததையும் கண்டுபிடித்துக் கொடுக்கும் மருந்து.*

"சார், இது ஏற்பியே இல்லாத எலி."

அவர் வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

"உன் ஆய்வேட்டுல நான் கையெழுத்துப் போடணும், ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

ஆறு வருட உழைப்பு. அன்று சாயங்காலம்தான் போனில் அழுதாள்.

* என் விமர்சகர்கள் சிலரும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள் என்பது என் சந்தேகம்.

4

பேராசிரியருக்கு நான் ஒரு வில்லச் சிரிப்பு வைத்திருந்தேன். பிரதியைப் படித்த அக்கா அதை அடித்தாள்.

"அவரு சிரிக்கலடா. கை நடுங்குச்சு."

"நடுங்கினா வாசகர் அவர் பக்கம் போயிடுவாங்கக்கா."

"போகட்டுமே. ஸ்லைடைத் திருப்பி என் கையிலயே குடுத்தாரு. கை தவறின மாதிரி கீழ போட்டிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்?"

இப்படிப்பட்ட கதாபாத்திரத்தை வைத்துக்கொண்டு ஒருவன் எப்படிப் பிழைப்பது?

5

முடிவு அ: அவர் தவறை ஒப்புக்கொண்டு அவளைத் தட்டிக்கொடுக்கிறார். (பரிசு கிடைக்கும்.)

முடிவு ஆ: அவள் ஸ்லைடை மறைத்துப் பட்டம் வாங்குகிறாள். (இரண்டு பரிசு கிடைக்கும்.)

உண்மையில், திங்கட்கிழமைக் கூட்டத்தில் பன்னிரண்டு பேர் முன்னால் அவள் அந்தப் பழுப்பு ஸ்லைடின் படத்தைத் திரையில் போட்டாள். பேராசிரியர் எழுந்து வெளியே போனார். ஆய்வேடு பதினோரு நாளாக அவர் மேசையில் கிடக்கிறது.

"நான் என்னக்கா எழுதட்டும்? கையெழுத்துப் போட்டாருன்னா, போடலன்னா?"

"ரெண்டும் எழுதாதடா. நீ எழுதிட்டா நான் அதையே பாக்க ஆரம்பிச்சிடுவேன்."

எனவே எழுதவில்லை. உங்களுக்கு ஏதாவது முடிவு தோன்றினால் வைத்துக்கொள்ளுங்கள். அவளிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.